மேடையில் சம்பாதிக்கும் மகளைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா?

திருவையாறு அரசு இசைக்கல்லூரியில் வாய்ப்பாட்டில் பி.ஏ. இறுதியாண்டு படிக்கும் மகளைப் பற்றி, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு வயது 21. கோயில் திருவிழாக்களில் பக்திப் பாடல் கச்சேரி செய்தும், ஒரு மெல்லிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகளில் பாடியும் தன் படிப்புச் செலவை அவளே பார்த்துக்கொள்கிறாள். இப்போது தாயின் அண்ணன், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் குரல் தேர்வுக்கு அவளை அழைத்துப் போயே தீருவது என்று நிற்கிறார். தேர்வாகிவிட்டால் படிப்பை ஓராண்டு நிறுத்திவைக்கலாம், சென்னையில் தங்கும் செலவுக்கு வீட்டிலிருக்கும் நாலு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்பதும் அவருடைய யோசனைதான். மகள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு வரவிருக்கும் நல்லதைத் தானே தடுத்துவிடுவோமோ என்று தாய்க்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை.

அம்மா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் குரல் தேர்வு நாள் வந்துவிடும் என்பதால் நேராகவே சொல்கிறேன்: அனுப்ப வேண்டாம். படிப்பை நிறுத்தவே வேண்டாம். சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

விஜய் தொலைக்காட்சியில் 2006-ஆம் ஆண்டு சூப்பர் சிங்கர் தொடங்கிய காலத்திலிருந்து, இத்தகைய போட்டிகள் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வாசல் திறந்துவிட்டிருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. பாடத் தெரிந்தும் மைக் பிடிக்க ஒரு மேடை கிடைக்காதவர்களுக்கு அது நல்ல வாசல். உங்கள் மகளுக்கோ மேடை ஏற்கெனவே இருக்கிறது. தை பிறந்தது முதல் வைகாசி வரை முகூர்த்தமும் திருவிழாவும் அடுத்தடுத்து வரும் மாதங்களில் விழாக் குழுவினர் அவளைத் தேடி வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டியின் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நீளும்போது அந்தத் தேதிகளை அவள் விட்டுக்கொடுக்க நேரும். மெல்லிசைக் குழு நடத்துபவர் அவளுக்காகக் காத்திருக்க முடியாமல் வேறொரு பெண்ணை வைத்துப் பாட வைப்பார்; ஒரு சீசன் முழுக்கப் பாடிப் பழகிய அந்தப் பெண்ணே பிறகு நிலைத்துவிடுவாள். இந்த இழப்பை உங்கள் அண்ணன் கணக்கில் சேர்க்கவில்லை.

காசு வாங்கிப் பாடுகிறவர் போட்டிக்குப் போகும்போது பந்தயத்தில் வைப்பது தன் பெயரை. புதிதாக வந்த பிள்ளை சுருதி பிசகினால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நடுவர்கள் தட்டிக்கொடுப்பார்கள். தொழிலாகப் பாடும் பெண் அதே இடத்தில் பிசகினால், அந்த அரை நிமிடக் காட்சி யூடியூபில் நிலையாக நின்றுவிடும்; அடுத்த ஆண்டு கச்சேரி பேச வருகிற விழாக் குழுவினர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. 2016-இல் சூப்பர் சிங்கர் ஐந்தாம் சீசனில் பட்டம் வென்றவர் அதற்கு முன்பே திரைப்படங்களில் பாடியவர் என்று தெரிந்ததும், தொழில்முறைப் பாடகரைப் புதியவர்களோடு போட்டியிட விடலாமா என்று சமூக ஊடகங்களில் பெரிய சர்ச்சை எழுந்தது. பாடியவர் நன்றாகத்தான் பாடியிருந்தார். ஆனாலும் தகுதியோடு பெற்ற பரிசுக்கே விளக்கம் சொல்லவேண்டிய நிலை வந்தது.

உங்கள் அண்ணன் செந்தில் கணேஷ், ராஜலட்சுமி இருவரையும் எடுத்துக்காட்டுவார் என்று நினைக்கிறேன். அது நியாயமான எடுத்துக்காட்டுத்தான். கிராமிய மேடைகளில் பல காலம் பாடிப் பழுத்தபின் 2018-இல் போட்டிக்கு வந்தார்கள். செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். இருவருக்கும் திரைப்பட வாய்ப்புகளும் வந்தன. ஆனால் அவர்கள் அந்த அரங்கத்திற்குள் கொண்டுபோனது வேறு யாரிடமும் இல்லாத தங்கள் நாட்டுப்புறப் பாட்டை. எந்தக் கலையில் ஊறியிருந்தார்களோ அதையே பாடி ஜெயித்தார்கள். கர்நாடக இசை படித்த உங்கள் மகளோ வாரம் ஒரு சுற்றாகக் காதல் பாட்டு, குத்துப் பாட்டு, பழைய பாட்டு என்று பாடவேண்டியிருக்கும். அவள் கற்ற, ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கும், ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கும் அங்கே நேரம் ஒதுக்கமாட்டார்கள். நிகழ்ச்சியின் தேவைக்கேற்ப அவள் தன்னை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்படி மாறியபின் அவள் பாட்டில் அவளுக்கென்று என்ன மிஞ்சும்?

பரிசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தொலைக்காட்சிப் போட்டியில் வெல்லும் பரிசுக்கு வருமான வரி 30 விழுக்காடு, அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை. இதற்கு அடிப்படை வரிவிலக்கு வரம்பு பொருந்தாது. செலவைக் காட்டிக் கழிக்கவும் முடியாது. பரிசு வீடாகவோ காராகவோ இருந்தால் வரியைக் கட்டிய பிறகே பொருள் கைக்கு வரும். 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீட்டைப் பரிசாகப் பெற்றால், நடத்துகிறவர்கள் வரியை ஏற்றுக்கொள்ளாதபட்சத்தில், 12 லட்சத்து 48 ஆயிரம் ரூபாயை முதலில் நீங்கள் திரட்டவேண்டும். பத்திரப் பதிவுச் செலவு தனி. இதுவும் முதல் பரிசு வென்றவருக்கு. நடுவில் வெளியேறும் மற்றவர்களுக்கு மிஞ்சுவது சில மாதப் புகழும், உடைக்கும் பயணத்துக்கும் ஆன செலவும்தான். வீட்டு நகையை அடகு வைத்து இதற்குப் போவதை எந்தச் சூழ்நிலையிலும் நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், குறை சொல்லும் தொனியில் ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறாள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கைப்படவே நோட்டில் ஸ்வரம் எழுதித் தருகிறாள், காசு கேட்பதில்லை, அந்த நேரத்தில் கச்சேரி வந்தால்கூட யோசிக்கிறாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப்பட்ட இடம் இதுதான். போட்டியைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத பெண், பிள்ளைகளுக்காகக் கச்சேரியையே தள்ளிப்போட யோசிக்கிறாள் என்றால் அவள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

இசை படித்த பெண்களின் வீடுகளில் நான் சொல்லும்வரை பெரும்பாலும் கேள்விப்பட்டிராத ஒரு வேலை இருக்கிறது: கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் தொடக்கநிலை இசை ஆசிரியர் பணி. ‘மத்திய அரசுப் பள்ளி, நமக்கு எங்கே கிடைக்கும்’ என்று விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலுமே அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. ஏழாவது ஊதியக் குழுவின்படி இந்தப் பணி ஆறாம் ஊதிய நிலையில் வருகிறது. அடிப்படை ஊதியம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதன்மேல் சேரும். பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் இசையில் இளநிலைப் பட்டமும் அடிப்படைத் தகுதியாகக் கேட்கிறார்கள். பட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் இசைக்கல்லூரிகளில் பட்டயப் படிப்பும் பட்டப் படிப்பும் ஒரே வளாகத்தில் நடப்பதால், பட்டயம் முடித்துவிட்டுப் பட்டம் என்று நம்பி விண்ணப்பித்து ஏமாந்த பிள்ளைகள் உண்டு. உங்கள் மகள் படிப்பது பி.ஏ. அதை முடிக்கவேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

அங்கே இசை ஆசிரியரின் நாள் காலை வணக்கக் கூட்டத்தோடு தொடங்குகிறது. பிரார்த்தனைப் பாட்டிலும் நாட்டுப் பண்ணிலும் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே சுருதியில் நிற்கிறார்கள் என்றால் அது அவர் கைவண்ணம். பிறகு ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள், பல மொழிகளில் சேர்ந்திசை, ஆண்டு விழா, பிற பள்ளிகளோடு நடக்கும் குழுப்பாட்டுப் போட்டிக்கான பயிற்சி. ஞாயிறு காலையில் திண்ணையில் அவள் விரும்பிச் செய்வதையே சம்பளத்தோடு செய்யும் வேலை இது.

இதற்கு அவள் ஆயத்தமாகவேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வும் பாடிக் காட்டும் தேர்வும் நேர்காணலும் இருக்கும். ஆங்கிலத்தோடு இந்தியிலும் பாடம் நடத்தத் தெரிந்திருக்கவேண்டும் என்பதால், பேச்சு இந்தியையும் எழுத்தையும் இன்றே தொடங்கவேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். இசைப் பகுதியில் இந்துஸ்தானிச் சொற்கள் நிறைய வரும் என்று எதிர்பார்த்துப் படிக்கட்டும். அதற்காக மிரளத் தேவையில்லை. இந்துஸ்தானி இசையறிஞர் பாத்கண்டே வகுத்த பத்துத் தாட்டுகளும், அதாவது ராகங்களின் அடிப்படை வகைகளும், நம் 72 மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களுக்குள் இருப்பவைதான். அவர்கள் பிலாவல் என்பது நம் சங்கராபரணம்; பைரவ் என்பது அவள் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே மாயாமாளவகௌளை; காபி தாட் என்பது கரகரப்பிரியா. பெயர்ப் பொருத்தத்தை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். தாள வகைகளுக்கும் பாத்கண்டே ஸ்வரக் குறியீட்டுக்கும் இன்னும் கொஞ்சம் காலம் ஆகும். சுருதிப் பெட்டியோடு மட்டும் பாடிப் பழகியவளுக்கு ஹார்மோனியமோ கீபோர்டோ வாசித்துக்கொண்டே பாடும் பழக்கம் வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சுருதியில் நிறுத்த அது இல்லாமல் முடியாது. தஞ்சாவூரில் வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு ஆகும் செலவு அவளுடைய ஒரு கச்சேரிச் சன்மானத்துக்குள் அடங்கும்.

இதில் உள்ள சிரமங்களையும் மறைக்கமாட்டேன். நிரந்தரப் பணிக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. 2018-க்குப் பிறகு 2022 டிசம்பரில்தான் பெரிய அறிவிப்பு வந்தது. அதில் இசை ஆசிரியர் இடங்கள் மட்டும் 303. முதல் பணியிடம் வடநாட்டிலும் அமையலாம். வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்குத் தளர்வு உண்டு என்பதால் காத்திருக்க அவளுக்குக் காலம் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில், கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொரு பள்ளியும் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நேர்காணல் நடத்துவதைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடும். மகள் பட்டம் வாங்கியதும் முதலில் அங்கே போகட்டும். விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும், ஆகையால் விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். பணியில் சேர்ந்த பின்னும் நிர்வாகத்தின் அனுமதி பெற்றுக் கச்சேரி செய்யலாம்.

தன் பாட்டைப் பெரியவர்கள் எடைபோட்டுச் சொல்லவேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால், அதற்கு ஆகாசவாணியின் குரல் தேர்வு இருக்கிறது. 1939 முதல் இயங்கும் திருச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம். பாடுபவர் யார் என்று தெரியாமல், குரலை மட்டும் கேட்டு, பி, பி-ஹை, ஏ என்று தரம் கொடுப்பார்கள். முகத்துக்கோ குடும்பத்தின் கஷ்டக் கதைக்கோ அங்கே மதிப்பெண் கிடையாது. தேறாவிட்டாலும் ஊருக்குத் தெரியாது. தயாராகி மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தொழிலாகப் பாடுகிறவருக்கு ஏற்ற பரீட்சை அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் அண்ணனிடம் சண்டை வேண்டாம். அவர் மருமகள் மேல் வைத்திருக்கும் ஆசையில் பேசுகிறார். ஆனால் அவரை வைத்துக்கொண்டு மகளிடம் எதையும் கேட்காதீர்கள். தனியாக உட்காரவைத்து, போட்டிக்குப் போக அவளே விரும்புகிறாளா என்று கேளுங்கள். ஆமாம் என்று அவள் வாயாலேயே சொன்னால், அதைத் தடுக்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அப்போதும் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே போகட்டும், சொந்தச் சேமிப்பில் போகட்டும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் படிக்கவேண்டும்: எத்தனை மாதம் வெளிக் கச்சேரி செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறார்கள், நிகழ்ச்சி முடிந்த பின் வரும் சன்மானத்தில் பங்கு கேட்கிறார்களா, பதிவு செய்த பாட்டின் உரிமை யாருக்கு, பரிசுக்கான வரியை யார் கட்டுவது, வீட்டு நிலைமையைத் திரையில் காட்ட மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டா. இவற்றில் ஒன்றுக்கு எழுத்தில் பதில் தர மறுத்தாலும் அன்றைக்கே அவளை ஊருக்கு அழைத்து வந்துவிடுங்கள்.