அப்பாவுக்கு மூத்திரத்தில் ஒருமுறை இரத்தம் வந்து நின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா?

68 வயது அப்பா ராத்திரி நாலைந்து தடவை எழும்புகிறார், ஒருநாள் மூத்திரம் சிவப்பாகப் போய் மறுநாளே தெளிந்துவிட்டது, 'சூடு' என்று சொல்லி அக்கானியும் (பதநீர்) நெருஞ்சில் கஷாயமும் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, எழும்புவதைவிட அந்தச் சிவப்புதான் பெரிய விஷயம். எரிச்சல், வலியோடு வந்தால் பெரும்பாலும் தொற்றோ கல்லோ. வலியே இல்லாமல் வந்து தானாக நின்றால், மூத்திரப்பையில் கட்டி இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கட்டி விட்டுவிட்டுத்தான் கசியும். கஷாயம் குடித்த அன்று நின்றதால் கஷாயம் கேட்டது என்று ஆகாது. (சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முதலில் நோய் என்னவென்று தெரியட்டும்.) பீடி, சிகரெட் எப்போதோ விட்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுவதால்தான் இரத்தம் என்றும் விட்டுவிடக் கூடாது. முந்தின நாள் பீட்ரூட் தின்றாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரின் டெஸ்ட், கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது), கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்), ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். சின்னக் கட்டி ஸ்கேனில் தப்பிவிடும். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திருவனந்தபுரம் போனாலும் யூராலஜி (மூத்திரக் கோளாறு) டாக்டரிடம், "பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கேனில் மூத்திரம் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்றும் அளப்பார்கள். தாங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் குடிக்க வைத்து அளந்தால் மிச்சம் கூடுதலாகக் காட்டும். இன்னொரு தடவை போய்விட்டு வரச் சொல்லி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பிஎஸ்ஏ டெஸ்ட்டை (மூத்திரப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்த டெஸ்ட்) தொற்று இருக்கும்போது எடுத்தால் எண் ஏறித்தான் வரும். தொற்று ஆறி 6 வாரம் கழித்து எடுப்பதே சரி.

ராத்திரி விஷயத்துக்கு, ஒரு அளவுக் குவளையில் 3 நாள் பிடித்து நேரத்தோடு எழுதி வையுங்கள். ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே போனால் புராஸ்டேட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சுகர், கால் வீக்கம், சாயங்காலம் போடும் நீர் மாத்திரை, குறட்டை எல்லாம் பார்க்க வேண்டும்.

வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைத்தால் தள்ளாமை என்று விடாதீர்கள். பை நிரம்பி வழிகிறதாக இருக்கலாம். வலி தெரியாது, ஆனால் கிட்னி கெட்டுக்கொண்டிருக்கலாம். அடிவயிறு வீங்கி ஒரு சொட்டும் போகவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை ஒன்றே இதைக் கிளப்பிவிடும்.

 

டாம்சுலோசின் (புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை) எழுதிக் கொடுத்தால் தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடட்டும், எழும்பும்போது மெதுவாக எழும்பட்டும், தலை சுற்றும். கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தால் இந்த மாத்திரையைக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், நிறுத்தி நாளாகியிருந்தாலும்.