காகிதப் படையும் ஆத்தங்குடித் தரையும்

கேள்வி: சின்னப் படைவீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி மோதும் மினியேச்சர் போர் விளையாட்டில் இறங்க ஆசை. ஒரு பெட்டிப் பொம்மையின் விலையே மலைக்க வைக்கிறது. விதிப்புத்தகமும் வாங்கியே ஆக வேண்டுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். இவ்வகையில் பிரபலமான 'வார்ஹேமர் 40,000' விளையாட்டின் பத்தாம் பதிப்பு அடிப்படை விதிகளே 2023-இல் இலவச பிடிஎஃப் ஆக வந்தன. ஆனால் புதியவருக்கு அது கனம். 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்ற இன்னொரு விளையாட்டுத் தொகுப்பின் இலவச விதிகள் சில பக்கங்கள்தான்: பொம்மை நடந்தால் 6 அங்குலம், ஓடினால் 12. சாதாரண ஆறுமுகப் பகடை பத்து இருந்தால் போதும்.

காசு கரைவது பொம்மையில்தான். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் அச்சாகி, நடுவே மடித்து ஒட்டும் காகித உருவங்களில் தொடங்குங்கள். 200 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) அட்டையில் லேசர் பிரின்ட் எடுங்கள். இங்க்ஜெட் மை பசை ஈரத்தில் கசியும். கடையில் '100 சதவீத அளவு' என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாளுக்குள் அடங்கச் சுருக்கிவிடுவார்கள், 28 மி.மீ. உயர வீரன் குள்ளனாவான். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் கீறி மடியுங்கள். ஃபெவிகாலை மெல்லத் தடவுங்கள். அப்பினால் அட்டை நெளியும். காய்ந்த பிறகே வெட்டுங்கள், முன்னால் வெட்டினால் இரு பக்கமும் பொருந்தாது. அடியில் 25 மி.மீ. இரும்பு வாஷர் ஒட்டாவிட்டால் மின்விசிறிக் காற்றே படையைச் சாய்த்துவிடும்!

மேசைக்கும் செலவு வேண்டாம். பத்து உருவங்கள் மோதும் சிறு ஆட்டத்துக்கு வீட்டு ஆத்தங்குடித் தரையில் 4 அடிச் சதுரம் தாராளம். தரைக்கல்லை எண்ணித் தூரம் கணக்கிடாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்கே போகும்போது தப்பும். அளவு டேப்தான் சரி.