அருவியும் வேண்டும், வரலாறும் வேண்டும்

கேள்வி: பாங்காக்கில் வசிக்கிறோம். மூன்று நாள் விடுமுறை வருகிறது. எனக்கு அருவி, கணவருக்குப் போர் வரலாறு. ஒரே பயணத்தில் முடியுமா?

பதில்: காஞ்சனபுரிக்குப் போங்கள். பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் காலை ரயிலைப் பிடித்தால் க்வாய் ஆற்றுப் பாலம் தாண்டி ‘நாம் தோக்’ என்ற கடைசி நிலையம் வரை போகலாம். தாம் க்ராசே மரப்பாலத்தில் ரயில் ஊரும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. இதுதான் 1942-43இல் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதை, மொத்தம் 415 கிலோமீட்டர். பாலத்தில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஹெல்ஃபயர் கணவாயில் பாதைக்காகப் பாறையை உடைத்த தடங்களைப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தது இந்தப் பாதையில்தான். நகரத்துப் போர்க் கல்லறையில் அவர்களைத் தேடாதீர்கள், அது நேச நாட்டுக் கைதிகளுக்கானது. அப்புறம், எரவான் அருவி ஏழு அடுக்கு; தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மீன்கள் காலைக் கடிக்கும், பயப்பட வேண்டாம்.