டிரில் அவருக்கு, துடைப்பம் எனக்கா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் எந்த வேலைக்கும் ஆள் கூப்பிட விடமாட்டார். யூடியூப் பார்த்து ‘நானே செஞ்சுக்கறேன்’ என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். ஷூ ராக் கதவில்லாமல் நிற்கிறது. போன வருடம் கொலுப்படி செய்யப்போவதாக முழு பிளைவுட் ஷீட் வாங்கி வந்தார். கடைசியில் சூட்கேஸ்களை அடுக்கித்தான் கொலு வைத்தோம். ஷீட் இன்னும் சோபாவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. நான்காம் வகுப்பு படிக்கும் மகளின் ஸ்கூல் பிராஜெக்டையும் ராத்திரி உட்கார்ந்து இவரே செய்துவிடுகிறார். தூசி, பசை, மரத்தூள் எல்லாம் என் தலையில். கேட்டால் ‘காசு மிச்சம்தானே’ என்கிறார். மாமியாரோ ‘என் பிள்ளை ஊர் சுத்தாம வீட்டுல வேலை செய்யறான், அதுக்கும் குறையா?’ என்கிறார். இந்த வருடமும் சூட்கேஸ்தானா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: சகோதரி, மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சனி, ஞாயிறில் சுத்தியலும் கையுமாக வீட்டில் இருக்கும் கணவர் நல்லவர்தான். ஆனால் நீங்கள் அவர் கைவேலையைக் குறை சொல்லவில்லையே! முடியாமல் நிற்கும் வேலையையும், முடிந்த பிறகு கிடக்கும் குப்பையையும் அல்லவா சொல்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவதால் அவர் காதில் விழுவது ‘உனக்கு வேலை தெரியாது’ என்பது மட்டும்தான்.

துளை போடுவது அவருடைய ‘பிராஜெக்ட்’, தூசி கூட்டுவது உங்கள் ‘வீட்டு வேலை’. இந்தப் பங்கீட்டை உங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்க மாட்டார்கள், தானாக அமைந்திருக்கும். முதலில் அதை உடையுங்கள். ஸ்குரூ ஏறியதும் வேலை முடிந்துவிடாது. தூள் கூட்டி, டிரில் பெட்டிக்குள் போய், அந்த இடத்தில் மாமியார் வெறுங்காலோடு நடக்க முடிந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை அடுத்த வேலைக்கு ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது. இதை டிரில் ஓடும்போது கத்திச் சொல்லாதீர்கள். வாரநாளில் சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாகப் பேசுங்கள்.

தூசிக்கு ஒரு சுலபமான வழி உண்டு. துளை போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றை வாய் திறந்தபடி மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டால் சிமென்ட் தூள் பெரும்பாலும் அதற்குள்ளேயே விழும். இத்தனை வீடியோ பார்ப்பவர் இதை ஏன் கவனிக்கவில்லை என்றால், கூட்டுவது அவர் வேலையாக இருந்ததில்லை. இரண்டு ஞாயிறு அவரே கூட்டட்டும், கவரைத் தானே தேடுவார்.

‘காசு மிச்சம்’ என்பதற்கு ஒரு வரி போதும். 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிய ஊர் இது. காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதும் இங்கே சகஜம். பாத்ரூம் டைல் ஒன்று விரிசல் விட்டால் அதையும் சேர்த்துத்தான் கழிப்பார்கள். ஆகவே சுவரில் கை வைக்கும் முன் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொன்று: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை கூடவே கூடாது. ஒயர் பைப் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். இதில் மட்டும் சிரித்து மழுப்ப விடாதீர்கள்.

மகள் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை செய்த சூரிய குடும்பம் எப்படி இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாதா? சனியின் வளையம் கோணலாக இருக்கும், ஃபெவிகால் வழிந்திருக்கும், வியாழனைவிடப் பூமி பெரிதாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தெர்மோகோலில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அது உருகிக் குழி விழும். ரப்பர் சொல்யூஷன் மாதிரிப் பசைகளும் அரித்துவிடும். ‘அதை எடுக்காதே’ என்று தடுப்பதைவிட, மொட்டை மாடியில் ஒரு சின்னத் துண்டில் அப்பா அடித்துக் காட்டட்டும். பிறகு வெள்ளை ஃபெவிகாலையும் போஸ்டர் கலரையும் அவளே கேட்டு வாங்குவாள். பிளேடும் சூடான குளூ கன்னும் அப்பா கையில் இருக்கட்டும், மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. ராத்திரி 9 மணிக்கு முடியவில்லையா, முடியாததையே எடுத்துக்கொண்டு போகட்டும். அப்பாவுக்கு வருடக்கணக்கில் கிடைக்கும் சலுகை பிள்ளைக்கு ஒரு நாள் கிடைக்கக் கூடாதா?

இனி கொலு. அந்த ஷீட் 8 அடிக்கு 4 அடிதானே? 4 அடி அகலத்தில், 10 அங்குல ஆழத்தில் 5 படி வைத்தால் 50 அங்குலம் போதும், பாதி ஷீட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மிச்சத்தில் ஷூ ராக்குக்குக் கதவே வந்துவிடும், ஆனால் அது நவராத்திரிக்குப் பிறகு. அவர் மாட்டிக்கொண்டது அறுப்பதில்தான் என்று நினைக்கிறேன். கை ரம்பத்தில் நாலடிக்கு நேராக அறுப்பது சாமானியமில்லை. ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி, மிஷின் வைத்திருக்கும் பிளைவுட் கடையில் அறுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள். அதில் கௌரவம் குறைந்துவிடாது. கால்களுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள், அதாவது வரிசையாகத் துளை போட்ட இரும்புச் சட்டம் போதும். எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். போல்ட், நட்டு முடுக்கினால் நிற்கும், விஜயதசமி முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், சுவரில் ஒரு துளையும் வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கு ஆங்கிள் அவசியம். மண் பொம்மைகளின் கனம் லேசுப்பட்டதல்ல. மேலே வேட்டி விரிக்கப்போகிறோம், ஆகவே வார்னிஷ் ஆசையெல்லாம் வேண்டாம். செப்டம்பர் மழையில் அது காயவும் காயாது. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மகள் வேலை. படியின் உயரத்தை மாமியாரிடம் கேளுங்கள். கலசம் வைக்கும் மேல்படி அவர் கைக்கு எட்ட வேண்டும். அளவு சொன்னவர் என்ற முறையில் மகனை விரட்டவும் அவர் பக்கத்தில் நிற்பார்.

‘பொம்மையும் நானே செய்வேன்’ என்று கிளம்பினால் தடுக்காதீர்கள். மரப்பொம்மைக்குப் பேர்போன கர்நாடகச் சென்னப்பட்டணம் பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர்தான். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றுவதை அப்பாவும் மகளும் போய்ப் பார்த்து வரட்டும். கடைசல் மிஷின் வாங்காமல் திரும்பினால் சரி.

கெடு ஒன்று வையுங்கள்: மகாளய அமாவாசைக்கு முந்தின ஞாயிறு. அன்று மாலைக்குள் படி நிற்காவிட்டால் ரெடிமேட் இரும்புப்படி வாங்கிவிடுவேன் என்று இப்போதே மாமியார் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். சொன்னபடி வாங்கியும் விடுங்கள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று அவர் கெஞ்சினாலும்கூட. பணத்தை மட்டும் மளிகைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவர் டிரில் பிட் வாங்க ஒதுக்கி வைத்திருப்பதிலிருந்து எடுங்கள்.