பால்கட்டு என்று விட்டுவிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மியான்மரின் ரங்கூனில் செவிலியர் படிப்பு படிக்கிறேன். விடுமுறையில் தோழியர் நால்வருடன் மோல்மேன் நகரை அடுத்த தமிழ்க் குடியிருப்புகளுக்குச் சென்று, மார்பகப் புற்றுநோய் பற்றிப் பெண்களிடம் பேச இருக்கிறோம். மாதந்தோறும் சுயபரிசோதனை செய்யும் முறையைப் படம் காட்டிக் கற்பித்தால் போதுமா? அம்மன் கோயில் மண்டபத்தில் இதைப் பேசுவதற்குப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். – மாணவி, ரங்கூன்

பதில்: பெரியவர்களின் தயக்கத்தை எதிர்த்து நிற்க வேண்டாம், மகளே. திருவிழாவுக்கு முந்தைய நாள் கோயில் சமையற்கட்டில் பெண்கள் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவார்கள். ஆண்கள் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால், மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுவதைவிட அதிகம் பேசிவிடலாம். புற்றுநோய் என்ற சொல்லில் தொடங்காதீர்கள். நம் பெண்கள் மார்பில் தட்டுப்படும் எதையும் பால்கட்டு என்றே சொல்லி, மஞ்சளையோ, பர்மியர் முகத்தில் பூசும் மரப்பட்டைக் குழம்பான தனக்காவையோ பற்றுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். ஆகவே எது பால்கட்டு, எது இல்லை என்பதிலிருந்து தொடங்குங்கள்.

சுயபரிசோதனை பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் ஏறக்குறைய 2,66,000 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், அவர்களுள் பாதிப்பேருக்கு இந்த முறையை மிகக் கவனமாகக் கற்பித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, கற்றவர்களிடையே மரணம் குறையவில்லை, தீங்கற்ற கட்டிகளுக்காகச் சதை எடுத்துச் சோதிப்பதுதான் கூடியது. நானும் ஒரு காலத்தில் படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவள் என்பதால், இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது. விரலை எந்தத் திசையில் சுழற்றுவது என்று ஒப்பிக்க வைப்பதைவிட, தன் மார்பின் இயல்பான தோற்றத்தையும் தொடு உணர்வையும் ஒரு பெண் அறிந்திருந்து, அது மாறினால் காலம் கடத்தாமல் சொல்வதுதான் முக்கியம். கட்டி, தோல் குழிவது, ஆரஞ்சுத் தோல்போலத் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஆனால் பயிற்சி பெற்ற கைக்கு மதிப்பு உண்டு. மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பைச் சோதித்து வந்தார்கள். 2021இல் வெளியான கணக்குப்படி, 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. உங்கள் ஆசிரியையின் மேற்பார்வையில் நீங்களும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

குளிக்கும்போது பாருங்கள் என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். நம் பெண்கள் கிணற்றடியில் லுங்கியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, நாலு பேர் நடுவில் குளிக்கிறவர்கள். இரவில் உடை மாற்றும்போது, விளக்கருகே, கைகளைத் தூக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். சிலிக்கோனால் செய்த மார்பு உருவம் கிடைக்காவிட்டால், பிசைந்த மைதா மாவுக்குள் ஒரு புளியங்கொட்டையைப் புதைத்து, மேலே மெல்லிய துணியைப் போர்த்தி, நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் தேடச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டிருப்பவர்கள்கூட, கொட்டை விரலில் இடறும் அந்த நொடியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

புறப்படுமுன் அந்த வட்டாரத்து மருத்துவச்சியை, ஊரார் ‘சயாமா’ என்று மரியாதையாக அழைப்பவரை, கட்டாயம் சந்தியுங்கள். ஸ்கேனும், ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனையும் எந்த மருத்துவமனையில், எந்த நாளில் செய்கிறார்கள், பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்பது கையில் இருக்க வேண்டும். நோயாளி முதலில் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள இலக்கு. வழியும் செலவும் தெரியாத வீட்டில் அந்த 60 நாட்கள் யோசனையிலேயே போய்விடும்.

கேள்வி: பிள்ளைக்குப் பால் நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடது மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி, வலி இல்லை. பால்கட்டுதான், ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார் மாமியார். – வாசகி, பெகு

பதில்: பால் நின்று இரண்டு ஆண்டுகள் கழித்துத் தோன்றும் கட்டியைப் பால்கட்டு என்று வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலான மார்புக் கட்டிகள் நார்க்கட்டியாகவோ நீர்க்கட்டியாகவோதான் இருக்கும்; ஆனால் வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய அடையாளம் அன்று, ஏனெனில் புற்றுக் கட்டிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஊசிப் பரிசோதனையால் நோய் பரவும் என்ற அச்சம் தேவையற்றது. இந்த வாரமே செல்லுங்கள், மாமியாரையும் உடன் அழைத்துக்கொண்டு.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. அப்படியிருந்தும் நாங்கள் கவனிக்க வேண்டுமா? – வாசகி, மோல்மேன்

பதில்: வேண்டும். இந்நோய் கண்டவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததும் வயது ஏறியதும் தவிர வேறு தனிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவாக ஆண்களுக்கும் வருவதால், வீட்டுக்காரர் காம்பின் அடியில் ஏதோ கெட்டியாக இருக்கிறது என்று சொன்னால், அவரையும் அனுப்பிவையுங்கள்.