கூடு கலையவில்லை, குஞ்சுகளைக் காணோம்

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறோம். வீட்டுப் பின்பக்க மரவேலித் தூணில் ப்ளூபேர்ட் என்ற சிறிய நீலப் பறவை கூடு கட்டுவதற்காகப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறோம். ஐந்து முட்டைகளில் நான்கு பொரிந்தன. எட்டாம் நாள் மாலை வரை குஞ்சுகள் நன்றாக இருந்தன. மறுநாள் காலை ஒன்றுகூட இல்லை, பொரியாத முட்டையும் இல்லை. கூடு அப்படியே இருக்கிறது. தாய்ப்பறவை வாயில் புழுவோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. “நான் தொட்டதாலா?” என்று மகள் அழுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சிட்டுக்குருவியின் வேலை என்கிறார்.
- ஒரு வாசகி

பதில்: முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவள் தொட்டதால் இல்லை. மனித வாடை பட்டால் தாய் குஞ்சுகளை ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கைதான். ஒதுக்கிய தாய் புழுவைத் தூக்கிக்கொண்டு ஏன் வரப்போகிறது?

பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. நம் ஊரில் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி தினம் வந்தால் சிட்டுக்குருவிக்குப் பெட்டி கட்டித் தருகிறோம். அங்கோ அது 1850களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நியூயார்க்கில் விட்ட பறவை, ப்ளூபேர்ட்டுக்குப் பெரிய எதிரி. ஆனால் அது குஞ்சுகளின் தலையைக் கொத்திக் கொல்லும், சில சமயம் வெளியே இழுத்துப் போடும். உடலாவது கிடைக்கும். ரக்கூன் என்ற மரமேறும் காட்டு விலங்கோ பூனையோ கை விட்டிருந்தால் கூட்டுப் புல் துவாரத்தில் தொங்கும், இறகு சிதறியிருக்கும். குளிர் மழையில் இரை கிடைக்காமல் செத்திருந்தால் குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே கிடக்கும்.

ஒரு புல்கூட நகராமல் நான்கு குஞ்சும் ஒரு முட்டையும் போயிருக்கின்றன என்றால், பெரும்பாலும் பாம்புதான். உங்கள் பக்கத்தில் நிறைய இருக்கும் கறுப்பு எலிப்பாம்பு, நம் சாரையைப் போல விஷமில்லாதது, ஆறடி வரை வளரும். மரத்தூணில் ஏறுவது அதற்குப் பெரிய விஷயமே இல்லை, ஒன்றரை அங்குலத் துவாரம் தாராளம். உள்ளே இருக்கும் தாயையும் சேர்த்தே விழுங்கிவிடுவது உண்டு. உங்கள் தாய்ப்பறவை தப்பியதே பெரிது.

அதை அடிக்க வேண்டாம், எலி பிடிப்பதும் அதுதான். ஆனால் ருசி கண்ட பாம்பு அதே பெட்டிக்குத் திரும்ப வரும். அதனால் வேலித்தூணை இன்றைக்கே கைவிடுங்கள். வழுவழுப்பான இரும்புக் குழாய் ஒன்றைத் தனியாக நட்டு, சுமார் ஐந்தடி உயரத்தில் பெட்டியை மாட்டுங்கள். கிளையோ வேலியோ எட்டாத இடமாக இருக்கட்டும். பெட்டிக்குக் கீழே, குழாயைச் சுற்றி ஒரு தடுப்பு வேண்டும். எட்டு அங்குல அகலம், இரண்டடி நீளத்தில் அடுப்புப் புகைக்குழாய்த் தகரம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதன் மேல்வாயைக் கம்பிவலையால் மூடி, லேசாக ஆடும்படி தொங்கவிடுங்கள். ஏறி வரும் பாம்பு தகரத்துக்குள் நுழைந்து, மேலே வழி இல்லாமல் இறங்கிவிடும். குழாயில் கிரீஸ் தடவாதீர்கள், பறவையின் இறகில் ஒட்டினால் அது பறக்க முடியாமல் திண்டாடும். பாச்சை உருண்டை போடுவதும் வீண், பாம்பு அதைச் சட்டை செய்யாது. செல்லப் பிராணிகளுக்குத்தான் ஆபத்து.

காலியான கூட்டை எடுத்துப் போட்டுப் பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். தெற்கு மாநிலங்களில் இவை ஒரு பருவத்தில் இரண்டு, மூன்று முறைகூட முட்டையிடும். எனவே இதே ஜோடி சில வாரங்களில் மறுபடி கூடு கட்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெட்டியை மாற்றுவதென்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். முட்டை வந்த பிறகு நகர்த்தக் கூடாது, 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தப் பறவைக்குப் பாதுகாப்பாக இருக்கிறது.

மகள் தாராளமாகப் பார்க்கலாம். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, பகலில், பெட்டியை லேசாகத் தட்டிவிட்டு. குஞ்சு பொரிந்து பன்னிரண்டு நாளானதும் திறப்பதை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பறக்கத் தெரிவதற்கு முன்பே மிரண்டு வெளியே குதித்துவிடும். அப்புறம் அவை பறந்து போகும்வரை, இன்னும் ஒரு வாரம்போல, ஜன்னல் வழியாகத்தான்.