முடிவு உண்மை, வாதம் மட்டும் எப்படித் தப்பு?

கேள்வி: தமிழ் முதுகலை முடித்துவிட்டு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கிறேன். முதல் தாளின் தர்க்கப் பகுதியில் 'வேலிட்', 'சவுண்ட்' இரண்டும் குழப்புகின்றன. முடிவு உண்மையாகவே இருக்கும் வாதத்தைக்கூட விடைக்குறிப்பு 'இன்வேலிட்' என்கிறது. ஒரு பயிற்சி மையத்தில், 150 போலி வாதங்களின் (சரிபோலத் தோன்றும் தப்பான வாதங்களின்) பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும் என்று சொல்லி ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தங்களிடம் படித்த 40 பேர் தேறியிருக்கிறார்களாம். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம்.

எல்லா ஆடும் கால்நடை. எல்லா வெள்ளாடும் கால்நடை. எனவே எல்லா வெள்ளாடும் ஆடு. மூன்று வரியும் உண்மைதான். ஆனாலும் இந்த வாதம் வேலிட் இல்லை. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் எழுந்து, "வெள்ளாடு ஆடுதானே சார்?" என்று கேட்பார். நான் 'வெள்ளாடு' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் 'மாடு' என்று எழுதுவேன். எல்லா ஆடும் கால்நடை, எல்லா மாடும் கால்நடை, எனவே எல்லா மாடும் ஆடு. கேட்டவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

வேலிட் என்பது இவ்வளவுதான். மேலே உள்ள வரிகளை உண்மை என்று வைத்துக்கொண்டால், கீழே உள்ள முடிவு பொய்யாக வழியே இருக்கக் கூடாது. வரிகள் நிஜமாகவே உண்மையா என்பது இங்கே கேள்வி இல்லை. 'எல்லா மீனும் பறக்கும், வஞ்சிரம் மீன், எனவே வஞ்சிரம் பறக்கும்' என்பது பக்கா வேலிட். முதல் வரி பொய் என்பதால் சவுண்ட் இல்லை, அவ்வளவே. இணைப்பும் சரியாக இருந்து வரிகளும் உண்மையாக இருந்தால்தான் சவுண்ட். உங்களை வழுக்கிவிடுவது முடிவு. அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மையாக இருந்தால் மனசு இணைப்பைப் பார்க்காமலே தலையாட்டிவிடுகிறது. அதனால் தேர்வில் முடிவைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள வரிகளை மட்டும் வைத்து என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் சொல்லை மாற்றிப் போடுங்கள்.

இந்திய தர்க்கப் பகுதியைப் பார்த்து நீங்கள் பயப்படவே வேண்டாம். நீங்கள் தமிழ் படித்தவர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்வதை நினைத்துப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களை போல என்பது திட்டாந்தம். அப்புறம், இந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம், எனவே நெருப்பு இருக்கிறது என்று முடிப்பது நிகமனம். வினாத்தாளில் பக்கம் 'பிரதிக்ஞை' என்றும் திட்டாந்தம் 'உதாகரணம்' என்றும் வரும். புகை இருக்கும் இடத்தில் எல்லாம் நெருப்பு இருக்கும் என்ற பிணைப்புதான் 'வியாப்தி'. அதைத் திருப்பிப் போட்டால் நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஒன்றே ஒன்றில் கவனமாக இருங்கள். மணிமேகலை சொல்வது பௌத்த தர்க்கம், அதில் ஏதுப்போலி, அதாவது காட்டும் காரணத்தில் வரும் பிழை, 14. தேர்வில் பெரும்பாலும் வருவது நியாயம் என்ற தர்க்க மரபின் ஐந்து ஹேத்வாபாசங்கள்; ஏதுப்போலிக்கு அங்கே அதுதான் பெயர். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இவ்வளவையும் தமிழில் படித்த பிள்ளைக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகிறது. நம் பக்கமாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், 'பிரமிஸ்' (வாதத்தில் முடிவுக்கு மேலே நிற்கும் வரி) என்ற ஒரு சொல்லுக்கு ஒரு புத்தகத்தில் எடுகூற்று, இன்னொன்றில் முற்கோள், மூன்றாவதில் முன்மொழிவு. நாலு பேர் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. இத்தனை வருடமாகச் செய்யாமல் விட்டதால்தான் பிள்ளைகள் பட்டியல் விற்பவர்களிடம் போய் நிற்கிறார்கள்.

சரி, அந்த 40 பேருக்கு வருவோம். '40 பேர் தேறினார்கள், எனவே எங்களிடம் படித்தால் தேறலாம்' என்பதும் ஒரு வாதம்தான். இது வேலிட், இன்வேலிட் என்று பார்க்கிற வகை இல்லை. சில பேரை வைத்துப் பொதுவாகச் சொல்வதால் வலுவானதா, பலவீனமானதா என்றுதான் பார்க்க வேண்டும். எத்தனை பேரில் 40 என்று கேளுங்கள். ஐம்பதில் நாற்பது என்றால் ஒரு கதை, இரண்டாயிரத்தில் நாற்பது என்றால் வேறு கதை. அந்த நாற்பதில் எத்தனை பேர் மாதிரித் தேர்வு மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் என்றும் கேளுங்கள். என்னிடம் வந்த மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டதற்கு, "நீ ஆளைத் தாக்குகிறாய், அதுவே ஒரு போலி" என்று பட்டியலையே காட்டி அவள் வாயை அடைத்திருக்கிறார்கள்.

இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் காரணம் காட்டி வாதம் செய்யும்போது அதைத் தொடாமல் அவருடைய குணத்தைப் பேசினால்தான் ஆளைத் தாக்கும் போலி. அவர் சொல்லே ஆதாரமாக நிற்கும்போது அவர் யார், அவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பது போலியே இல்லை. நியாய மரபு 'சப்தம்' என்ற பிரமாணத்துக்கு, அதாவது பிறர் சொல்லை ஆதாரமாகக் கொள்வதற்கு, ஆப்தர், அதாவது நம்பத் தகுந்தவர் சொன்னது என்றுதான் நிபந்தனை வைக்கிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே, குறுக்கு விசாரணையில் சாட்சியின் நம்பகத்தன்மையை அசைக்கும் கேள்விகளுக்கு இடம் இருந்தது. தரகர் ஒருவர் 'இந்த மனையில் வில்லங்கமே இல்லை' என்று வாயால் மட்டும் சொன்னால், அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அவரே வில்லங்கச் சான்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டால் கமிஷனை விட்டுவிட்டுச் சான்றைப் படியுங்கள். பயிற்சி மையம் கொடுத்திருப்பது வெறும் வாய்ச்சொல். அந்த மாணவி கேட்டது முழுக்க நியாயம்.

பட்டியல் ஏன் வேண்டாம் என்றால், முதல் தாளில் 50 கேள்வி, 10 அலகு. தர்க்க அலகுக்குச் சராசரியாக ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண். அதில் போலி வாதம் ஒன்றோ இரண்டோ வரலாம். அதற்கு 150 பெயரா? பெயரை மனப்பாடம் செய்தவர்கள் வாதத்தைப் படிக்காமலே பெயரைத் தேடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தர்க்கக் கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து, தினமும் ஐந்து போடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை என்பதால் எதையும் விடாமல் எழுதுங்கள்.